இது யார் கூற்று?

கொரிய மொழியில் அந்தப் படத்தின் பெயர் 'அகாசி'. பெரிய வீட்டின் கல்யாணமாகாத பெண்ணை வேலைக்காரர்கள் கூப்பிடும் சொல். நம் பக்கம் 'சின்னம்மா' என்பார்களே, ஏறக்குறைய அது. ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அதே படத்துக்கு 'தி ஹேண்ட்மெய்டன்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது பணிப்பெண். கொரியாவில் எஜமானியின் பெயரிலும் வெளிநாடுகளில் வேலைக்காரியின் பெயரிலும் ஓடிய படம். இது விநியோகஸ்தர்களின் வியாபாரக் கணக்காகவே இருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்து முடித்ததும், இந்தக் கதை யாருடையது என்று முடிவு செய்ய முடியாமல் அவர்களும் திண்டாடியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது.

கதையைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. திருப்பங்கள் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வரலாம். எனக்கு எல்லாத் திருப்பமும் தெரிந்து இரண்டாம் முறை பார்த்தபோதுதான் படமே தொடங்கியது.

பார்க் சான்-வூக் இயக்கி 2016-இல் வந்த படம். அந்த ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. சாரா வாட்டர்ஸ் 2002-இல் எழுதிய 'ஃபிங்கர்ஸ்மித்' என்ற நாவலிலிருந்து எடுத்த கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் திருடர்களின் பேச்சில் ஃபிங்கர்ஸ்மித் என்றால் பிக்பாக்கெட். நாவலை பி.பி.சி. 2005-லேயே தொடராக எடுத்துவிட்டது. பார்க் அதை விக்டோரியா காலத்து இங்கிலாந்திலிருந்து பெயர்த்து, 1930-களில் ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்த கொரியாவில் நட்டார். இந்தக் கதைக்கு வீட்டோடு இருக்கும் வேலைக்காரியும் வேண்டும், பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் வேண்டும். பழைய சாதி அடுக்கும் புதிய காலத்து நிறுவனமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த காலம் அது. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் சுங் சியோ-கியோங் என்ற பெண். நான் படித்த விமர்சனங்கள் பலவற்றில் இவர் பெயரே இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

திருடர்களும் போலி ஆவணம் தயாரிப்பவர்களும் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் வளர்ந்தவள் சூக்-ஹீ. கைவிடப்பட்ட குழந்தைகளைத் தேற்றி ஜப்பானியர்களுக்கு விற்பதும் அந்த வீட்டின் தொழில். அங்கே ஒருவன் வருகிறான். ஜெஜு தீவின் கூலிக்குடும்பத்தில் பிறந்த கொரியன், ஆனால் ஊரில் ஃபூஜிவாரா என்ற ஜப்பானியப் பிரபுவாக உலவுகிறான். ஹிடெகோ என்ற பணக்கார ஜப்பானியப் பெண்ணை அவன் மயக்கிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், பிறகு பைத்தியம் என்று முத்திரை குத்தி உள்ளே தள்ள வேண்டும், சொத்து அவனுக்கு. அதற்கு ஹிடெகோவின் பக்கத்திலேயே இருந்து, அவன் புகழைக் காதில் ஓதிக்கொண்டிருக்க ஒரு பணிப்பெண் வேண்டும். சூக்-ஹீ அந்த வேலைக்குப் போகிறாள்.

ஹிடெகோ இருப்பது அவளுடைய சித்தியின் கணவர் கொஸுகியின் மாளிகையில். பாதி ஆங்கிலேயக் கட்டடம், பாதி ஜப்பானியக் கட்டடம், இரண்டும் ஒரே கூரையின்கீழ். இந்தக் கொஸுகியும் பிறப்பால் கொரியர்தான். ஜப்பானியராக ஆவதற்காகத் தன் கொரிய மனைவியை விலக்கி, அவளையே வீட்டின் மேற்பார்வைக்காரியாக வைத்துக்கொண்டவர். இப்போது ஹிடெகோவையே மணந்து அவள் சொத்தை எடுத்துக்கொள்ளத் திட்டமிடுகிறார். நம் உறவுமுறையில் அப்பா முறை. எழுதும்போதே கை கூசுகிறது.

சூக்-ஹீக்கு எஜமானியின் மேல் இரக்கம் வருகிறது, பிறகு காதல் வருகிறது. ஆனாலும் திட்டத்தை விட்டுவிடவில்லை. மூவரும் தப்பி ஓடி, கல்யாணம் முடிந்து, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கிறது. உள்ளே இழுத்துச் செல்லப்படுவது சூக்-ஹீ. 'பிரபுவின் பைத்தியக்கார மனைவி' அவள்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் 'வேலைக்காரி' ஹிடெகோ. முதல் பாகம் இங்கே முடிகிறது.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தில் பார்த்த அதே காட்சிகளை ஹிடெகோவின் பக்கத்திலிருந்து காட்டுகிறது. முதல் பாகத்தில் ஹிடெகோ தன் பட்டுகளையும் நகைகளையும் சூக்-ஹீக்குப் போட்டு அழகு பார்ப்பாள். தனிமையில் வாடும் பெண்ணின் விளையாட்டு என்று நாம் நெகிழ்ந்திருப்போம். இரண்டாம் பாகத்தில் அதே காட்சி வரும்போது வயிற்றைப் பிசைகிறது. பணக்காரப் பெண்ணாக ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கப் போகிறவளுக்கு அந்த உடைகள் பொருந்த வேண்டுமே. எழுத்துத் தெரியாத, தேட ஆளில்லாத ஒருத்தியைக் கொண்டுவரச் சொல்லிப் பிரபுவிடம் முன்னமே ஏற்பாடு. சூக்-ஹீ வேட்டைக்காரி என்று நினைத்துக்கொண்டு வந்த இரை.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிய படங்கள் பொதுவாக எனக்குச் சலிப்பூட்டும். 1973-இல் வந்த 'தி ஸ்டிங்' முதல் எத்தனையோ படங்களில் கெட்டிக்கார ஆண்கள் கெட்டிக்கார ஆண்களை ஏய்க்கிறார்கள். கடைசியில் நாமும் ஏய்க்கப்பட்டோம் என்று கைதட்டிவிட்டு வெளியே வருகிறோம். பெண் அங்கே தூண்டில் புழு, இல்லாவிட்டால் பரிசுப் பொருள். 1987-இன் 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' ஒரு பெண் மனநல மருத்துவரை நடுவில் வைத்தது. அவளை ஏமாற்றுகிறவனின் சாமர்த்தியத்தில் அதுவும் பாதி நேரம் மயங்கிக் கிடந்தது. திருப்பம் என்பது பார்வையாளரிடமிருந்து இயக்குநர் மறைத்து வைக்கும் ஒரு சீட்டு. அதைப் பார்த்து முடித்ததும் படமும் முடிந்துவிடும்.

இந்தப் படம் சீட்டை மறைக்கவில்லை. பேசுகிறவரை மாற்றுகிறது. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். அகப்பாட்டைக் கையில் எடுத்ததும் வகுப்பில் முதலில் கேட்பது, இது யார் கூற்று? பாட்டுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. சொன்னவர் தலைவியா, தோழியா, செவிலியா, பரத்தையா, யாரிடம் சொன்னது, கேட்கட்டும் என்று வேறு யார் காதுக்காகச் சொன்னது என்றெல்லாம் பின்னால் வந்தவர்கள் பாட்டின் அடியில் குறித்து வைத்தார்கள். ஒரே பாட்டைத் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் கொள்ளலாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. சொல் ஒன்றும் மாறாது. பேசும் ஆள் மாறியதும் அழுகை கேலியாகும், கேலி எச்சரிக்கையாகும். இருபது வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன். அதே வித்தையைக் கண்முன் ஒரு கொரியப் படம் செய்து காட்டியபோது நான் லேப்டாப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

மாளிகையின் நடுவில் இருப்பது நூலகம். அதன் வாசலில் ஒரு பாம்புச் சிலை, அதைத் தாண்டி வரக்கூடாது என்பதற்கு. கொஸுகி பேனா முள்ளை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, நாக்கே கறுத்துப் போன மனிதர். சேர்த்து வைத்திருப்பது அத்தனையும் காமப் புத்தகங்கள். தன்னிடமுள்ளவற்றை விற்க மனம் வராமல் அவற்றுக்குப் போலி தயாரித்து விற்கவும் செய்கிறார். போலிப் பிரபு அந்த வீட்டுக்குள் நுழைவதே படம் வரைந்து போலி செய்து தருபவனாகத்தான். புத்தகத்தை விற்பதற்கு முன் வாசிப்பு நடக்கும். கோட்டும் சூட்டும் போட்ட கனவான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கிமோனோ உடுத்திய ஹிடெகோ மேடையில் மண்டியிட்டு அமர்ந்து வாசிப்பாள். அவளுக்கு முன்னால் சித்தி வாசித்தாள். சித்தி ஒருநாள் தோட்டத்துச் செர்ரி மரத்தில் தொங்கினாள். சிறுமியாக இருக்கும்போதே ஹிடெகோவுக்கு அந்தச் சொற்களையெல்லாம் உச்சரிக்கச் சொல்லித் தருகிறார்கள். பிழையாகச் சொன்னால் அடி.

அந்தச் சிறுமி உடல் உறுப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகும் காட்சியில் என்னை நானே பார்த்தேன் என்று சொன்னால் அது மிகை. எங்களை யாரும் அடிக்கவில்லை. ஆனால் நான் எம்.ஏ. படித்தபோது எங்களுக்கு அகநூல் நடத்திய பேராசிரியர் ஒருவர் இருந்தார். நல்ல ஆசிரியர். அவர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகளை இன்றும் வைத்திருக்கிறேன், வகுப்புக்குப் பயன்படுகின்றன. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தலைவி கூற்று வரும் பாட்டுகளை மாணவிகள்தான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். "பொண்ணு குரல்ல கேட்டாத்தாம்மா அதுல உயிர் இருக்கு. கொஞ்சம் குரல் கொடுத்துப் படி" என்பார். கூட்டத்தைச் சொல்லும் பாட்டு, முலையைச் சொல்லும் பாட்டு, ஊடல் தணியும் பாட்டு. நாங்கள் ஏழு பெண்கள், முறை வைத்து வாசித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். பின்வரிசை நண்பர்கள் கண்ணை மூடமாட்டார்கள். தலைவன் கூற்றை அவரே வாசித்துக்கொள்வார்.

இதில் குற்றம் என்று விரல் நீட்ட எதுவுமில்லை. அன்றைக்கு யாரும் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு நன்றாக வாசிக்க வரும் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருத்தி, தன் முறை வரும் நாளில் மட்டும் வகுப்புக்கு வரமாட்டாள். காய்ச்சல் என்பாள், பஸ் கிடைக்கவில்லை என்பாள். சங்கப் புலவர்கள் 473 பேர் என்பது நாங்கள் மனப்பாடம் செய்த கணக்கு. அதில் பெண்கள் ஆளுக்கொரு கணக்குப்படி கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. ஆகவே தலைவி பேசும் பாட்டுகளில் பெரும்பாலானவை ஆண் எழுதிப் பெண் வாயில் வைத்தவை. அதை ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொல்லி, அவள் குரலில் வந்ததும், பார், பெண்ணே சொல்கிறாள் என்று ரசிக்கிற ஏற்பாடு அது. ஹிடெகோவின் மேடையைப் பார்க்கும்வரை எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு நானே எழுதத் தொடங்கினேன். சாரா வாட்டர்ஸின் நாவல் வந்த அதே 2002-இல்தான் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தது. ஒரு தலைப்புச் சொல்லுக்காக எவ்வளவு கூச்சல் எழுந்தது என்பது அந்தக் காலத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருந்த எல்லாப் பெண்களுக்கும் நினைவிருக்கும். என் முதல் தொகுப்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. நாற்பத்தாறு கவிதைகள். அவற்றில் உடலைப் பற்றியவை மூன்று. இலக்கியக் கூட்டங்களுக்கு அழைப்பவர்கள் அந்த மூன்றில் ஒன்றைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். "மேடம், அந்த... பதினெட்டாம் பக்கம்" என்று பெயரைச் சொல்லாமல் பக்கத்தைச் சொன்ன அமைப்பாளர் ஒருவர் உண்டு. தலைப்பே சொல்லக் கூசுகிறவர், முழுக் கவிதையையும் நான் மைக்கில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். என் அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றிய நீண்ட கவிதையை வாசித்துவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள், பாவம்.

ஹிடெகோவால் அப்படி இறங்க முடியாது. ஆகவே அவள் வேறொன்று செய்கிறாள். குரலை வேலைக்கு அனுப்பிவிட்டு ஆள் வீட்டில் இருந்துகொள்கிறாள். கிம் மின்-ஹீ இந்தக் காட்சிகளில் முகத்தை வைத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருக்கும், எங்கே நிறுத்தினால் கனவான்கள் மூச்சை இழுப்பார்கள் என்பதும் தெரியும், கண் மட்டும் எங்கேயும் இராது. மரப்பொம்மையோடு அந்தரத்தில் தொங்கி ஒரு நிலையைச் செய்துகாட்ட வேண்டிய கட்டத்திலும் அதே கண். ஒரு பெண்ணுக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? பிறர் ஆசையைத் தன் குரலில் சொல்லியே வளர்ந்தவளுக்கு, பிரபுவின் முன்னால் மயங்கியதுபோல் நடிப்பது ஒரு வேலையே இல்லை.

எல்லோரும் பொய் சொல்லும் கதை இது. ஆனால் எல்லாப் பொய்களும் ஒரே மாதிரி உடைவதில்லை. முதலிரவில் ஹிடெகோ பிரபுவைத் தொட விடுவதில்லை. கத்தியால் தன் உள்ளங்கையைக் கீறி விரிப்பில் ரத்தம் படிய வைக்கிறாள். கறை இருந்தால் போதும், ஊர் படித்துக்கொள்ளும். நூலகத்தில் இருக்கும் போலிப் புத்தகங்களைப் போல அந்த விரிப்பும் ஒரு போலி ஆவணம். அந்த அறைக்கு வெளியே சத்தத்தைக் கேட்டுச் சூக்-ஹீ துடிக்கிறாள் என்று முதல் பாகத்தில் பார்த்திருப்போம். உள்ளே நடந்தது இது.

படத்தின் ஆண்கள் தோற்பது அவர்களுக்குப் புத்தி போதாமல் இல்லை. பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. அதையும் ஆண்கள் எழுதிய புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள். பிரபு இரண்டு பெண்களையும் தனித்தனியாகக் கூலிக்கு அமர்த்தி, ஒருத்திக்கெதிராக மற்றவளைத் திருப்பிவைத்தான். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்ற சாத்தியம் அவன் கணக்கில் இல்லை. ஜப்பானில் ஹோட்டல் அறையில் அவள் மறுப்பதைக்கூட விளையாட்டின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்கிறான். அவள் வாயிலிருந்து அவன் வாய்க்கு ஊட்டிய மதுவில் அபின் கலந்திருந்தது. கொஸுகியோ, தன்னை ஏமாற்றியவனைப் பிடித்துவந்து நிலவறையில் விரல்களை வெட்டிக்கொண்டிருக்கும்போதும், முதலிரவில் என்ன நடந்தது, விவரமாகச் சொல் என்று கெஞ்சுகிறார். கடைசி நிமிடத்திலும் அவருக்கு ஒரு வாசிப்பு தேவைப்படுகிறது. பாதரசம் ஏற்றிய சிகரெட்டின் புகையில் இருவரும் அங்கேயே சாகிறார்கள். ஆயிரம் புத்தகம் வைத்திருந்தவருக்குத் தன் கூரையின்கீழ் இரண்டு பெண்களுக்கு நடுவே நடந்தது கடைசிவரை தெரியாது.

கல்யாணம் எப்படித் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு காரணம் சொல்கிறது. காதலில் ஏமாற்றும் தவறும் புகுந்த பிறகே பெரியவர்கள் சடங்கை வகுத்தார்கள் என்று. கைவிடப்படும் பெண்ணுக்குக் காப்பு என்ற அர்த்தத்தில் இதைப் பாடம் நடத்துவோம். ஹிடெகோவின் கதையில் ஏமாற்றுவதற்கான கருவியே அந்தச் சடங்குதான். 1898-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானியச் சிவில் சட்டம் மனைவியின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையைக் கணவனிடம் தந்தது. இங்கிலாந்திலும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஏறக்குறைய அதே நிலைதான். பணக்கார மனைவியை வேறொருத்தியின் பெயரில் ஆஸ்பத்திரியில் அடைத்துச் சொத்தை எடுத்துக்கொள்ளும் கதையை வில்கி காலின்ஸ் 1860-லேயே 'தி வுமன் இன் ஒயிட்' நாவலில் எழுதிவிட்டார். பிரபு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. தாலி மாதிரி ஒன்றைக் கட்டினால் சட்டமே கதவைத் திறந்துவிடும்.

இனி தோழிக்கு வருகிறேன். இந்தப் படத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவள் அவள்.

நம் அகமரபில் தோழியின் வேலை என்ன? தலைவன் அவளிடம் வந்து கெஞ்சுவான். அவள் போய்த் தலைவியின் மனத்தைக் கரைப்பாள். அவன் நல்லவன், பாவம், உனக்காக உருகுகிறான் என்று சொல்லிச் சொல்லி இசைய வைப்பாள். இதற்கென்று துறைகளே உண்டு. சூக்-ஹீ சம்பளத்துக்குச் செய்ய வந்தது அட்சரம் பிசகாமல் இந்த வேலைதான். களவு என்ற சொல்லுக்கு நம்மிடம் திருட்டு என்றும் பொருள், மறைவான காதல் என்றும் பொருள். பிக்பாக்கெட்காரி ஒருத்தி எஜமானிக்குத் தோழியாகப் போய் இரண்டு களவையும் ஒன்றாகச் செய்கிறாள். ஆங்கிலத் தலைப்பிலும் கொரியத் தலைப்பிலும் கிடைக்காதது இந்த ஒரு சொல்லில் கிடைக்கிறது.

தோழி செவிலியின் மகள், கூடவே வளர்ந்தவள், எல்லா ரகசியமும் தெரிந்தவள். குறுந்தொகையில் அவள் பேசும் பாட்டுகள் எத்தனை! எனக்குத் தெரிந்து ஒரு பாட்டும் தோழிக்கு யார்மேல் ஆசை என்று கேட்டதில்லை. ஏவல் செய்பவர்களின் காதலை ஐந்திணைக்கு வெளியே வைப்பது இலக்கணம். உடன்போக்கில் தலைவியைத் தலைவனோடு அனுப்பிவைப்பவள் அவள். அனுப்பிவிட்டு வீட்டிலேயே நிற்பாள். செவிலி அழுவாள், நற்றாய் அழுவாள், அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். காலையில் தலைவி கட்டிலில் இல்லை என்று தெரிந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் எழுதவில்லை.

இரண்டாம் பாகத்தின் நடுவில் ஹிடெகோ, சித்தி தொங்கிய அதே செர்ரி மரத்தில் கயிற்றை மாட்டுகிறாள். கால்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சூக்-ஹீ கதறி உண்மையைக் கொட்டுகிறாள்: உன்னை ஏமாற்ற வந்தவள் நான். மரத்தில் தொங்கியபடியே ஹிடெகோவும் சொல்கிறாள்: ஏமாறப்போவது நீ. அதிர்ச்சியில் சூக்-ஹீ கையை விட்டுவிட, கயிறு இறுகுகிறது. தியேட்டரில் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், நானும் சிரித்தேன். நாவலில் இந்த இடம் கிடையாது. அங்கே இருவரும் ஒருவரையொருவர் உண்மையாகவே காட்டிக்கொடுத்து, நெடுங்காலம் துன்பப்பட்டு, கடைசியில்தான் சந்திக்கிறார்கள். படம் அவர்களை நடுவழியிலேயே பேச வைத்துவிட்டது. அறத்தொடு நிற்றல் என்று நாம் சொல்வது தோழி பிறரிடம் உண்மையைச் சொல்லித் தலைவியின் காதலைக் காப்பதை. இங்கே அவள் தலைவியிடமே உண்மையைச் சொல்கிறாள், காதல் அவளுடையது.

பிறகு ஹிடெகோ அவளை நூலகத்துக்கு அழைத்துப் போகிறாள். சூக்-ஹீக்கு எழுத்துத் தெரியாது. படங்களைப் பார்த்தே அவளுக்கு இவ்வளவு காலம் அங்கே என்ன நடந்தது என்று விளங்கிவிடுகிறது. கிழிக்கிறாள், மையைக் கொட்டுகிறாள், தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீரில் புத்தகங்களைப் போட்டு மிதிக்கிறாள், பாம்பின் தலையை உடைக்கிறாள். புத்தகத்தைக் கிழிப்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் உடம்பு பதறும், தொழில் அப்படி. இந்தக் காட்சியில் பதறவில்லை. முதலில் ஹிடெகோ தயங்கி நிற்கிறாள், அது சரியாகத்தான் பட்டது. அந்தப் புத்தகங்கள் அவள் படித்த படிப்பு. அவளுக்குத் தெரிந்த சொற்களெல்லாம் அவற்றிலிருந்து வந்தவை. மெல்ல அவளும் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போடுகிறாள்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் திரையிட்டுப் பேசும் சிறு குழு ஒன்று உண்டு. அங்கே இதைப் போட்டார்கள். முடிந்ததும் மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்து திருப்பங்களை எண்ணிச் சொல்லிவிட்டு, பெண்ணுடல் படமாக்கப்பட்ட அழகியலைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். எப்போதாவது கூட்டத்துக்கு வரும் ஒரு நர்ஸ், ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து நேராக வந்தவர், "சார், நீங்க அந்த நாற்காலி வரிசையில உக்காந்திருந்தவங்க மாதிரியே பேசறீங்க" என்றார். அவர் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஆனால் அவரை மட்டும் குறைசொல்லி நான் தப்பிக்க முடியாது, படத்துக்கும் இதில் பங்கிருக்கிறது. இரு பெண்களின் கூடலை பார்க் அளவெடுத்துச் சமச்சீராக அடுக்கி, இரண்டு பாகங்களிலும் நீட்டிக் காட்டுகிறார். குளியல் தொட்டியில் ஹிடெகோவின் பல் கூர்மையாக உறுத்துகிறது என்று சூக்-ஹீ கையில் மாட்டிய அங்குசுத்தானால் அதைத் தேய்த்துவிடும் காட்சி ஒன்று உண்டு. இருவரும் பேசுவதில்லை, தேய்க்கும் சத்தம் மட்டும். அந்தக் காட்சியில் இருந்த ஆசை, படுக்கைக் காட்சிகள் அத்தனையிலும் சேர்த்து இல்லை. கனவான்களின் வாசிப்பை இவ்வளவு வெறுக்கக் கற்றுக்கொடுத்த படம், ஏன் நம்மையும் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கிறது? கடைசிக் காட்சியில், நூலகத்தின் தண்டனைக் கருவியாக இருந்த உலோக மணிகளை இருவரும் தங்கள் இன்பத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆணின் பொருளைப் பெண் மீட்டுக்கொண்டாள் என்று வாசிக்கும் தோழிகள் எனக்கு உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவற்றைக் கடலில் வீசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடலில் வேறு சில போகின்றன. இரண்டு பெண்களைத் தேடுவார்கள் என்பதால் ஹிடெகோ மீசை ஒட்டி ஆணாகத் துறைமுகத்தைத் தாண்டுகிறாள். ஷாங்காய் போகும் கப்பலில் கையுறைகளும் மோதிரமும் தண்ணீருக்குள் போகின்றன. தலைவனைக் கரையிலேயே விட்டுவிட்டுத் தலைவியும் தோழியும் போகும் உடன்போக்கு. இதற்கு நம் நூல்களில் துறை கிடையாது.

இப்போது என் வகுப்பில் கூற்றுக்கு ஏற்றபடி ஆள் எழுப்புவதில்லை. பெயர்ப் பட்டியலில் அடுத்து யாரோ அவர் வாசிப்பார். போன பருவத்தில் தலைவி கூற்று ஒன்று, கபடி விளையாடும் ஒரு பையனுக்கு வந்தது. முதல் இரண்டு அடிக்குச் சிரிப்பு. மூன்றாவது அடியில் அவன் குரல் தானாகத் தணிந்தது. முடித்துவிட்டு, "அம்மா, இந்தப் பொண்ணு பயந்துபோய்ப் பேசறா இல்லம்மா?" என்று கேட்டான். உரையில் ஆற்றாமை என்று போட்டிருக்கிறது. பயம் என்று யாரும் போடவில்லை. நான் அந்தப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

அதே வகுப்பில் இந்தப் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்: "சூக்-ஹீக்கு அப்புறமாவது ஹிடெகோ படிக்கச் சொல்லிக் கொடுத்தாளாம்மா?"

கப்பலோடு படம் முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது என்றேன். நாவலின் முடிவைச் சொன்னேன். சூ, பழைய மாளிகைக்குத் திரும்பி வருகிறாள். மாட் அங்கே தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். மாமாவுக்காக வாசித்த வகையிலான புத்தகங்களை இப்போது அவளே எழுதி, அதில் வரும் காசில் பிழைக்கிறாள். இதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று எழுத்தறியாத சூ கேட்கிறாள். உன்மேல் உள்ள ஆசையைச் சொல்லும் சொற்கள் என்கிறாள் மாட். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்குகிறாள்.

"அந்த நாவல் தமிழ்ல இருக்காம்மா?" என்று கேட்டாள். என்னிடம் இருக்கும் ஆங்கிலப் பிரதியைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். ஐந்நூறு பக்கத்துக்கு மேல். அகராதியோடு படிக்கிறேன் என்றாள்.